நிலவு மறைக்கும் அந்த ஒரு நொடியில் கார்பன் நட்சத்திரத்தை அளப்பது எப்படி?

கேள்வி இதுதான்: எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் வெறும் புள்ளியாகவே தெரியும் ஒரு நட்சத்திரத்தின் அகலத்தையும் வெப்பநிலையையும், நிலவு அதை மறைப்பதை வைத்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? குறிப்பாகக் கார்பன் நட்சத்திரங்களுக்கு (மேற்பரப்பில் ஆக்சிஜனைவிடக் கார்பன் மிகுந்த, ஆழச் சிவப்பான முதிய நட்சத்திரங்களுக்கு) இந்த முறை ஏன் முக்கியம்?

கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதில் உள்ள இயற்பியல் அவ்வளவு அழகு.

வளர்பிறை நாளில் நிலவின் இருண்ட பக்க விளிம்புக்கு அருகே ஒரு நட்சத்திரம் இருந்தால், சின்னத் தொலைநோக்கியில் அதையே பார்த்துக்கொண்டிருங்கள். மெல்ல மெல்ல மங்கும் என்று எதிர்பார்ப்போம். அப்படி நடக்காது. விளக்கை அணைத்ததுபோல் டக்கென்று காணாமல் போகும். நிலவுக்குக் காற்றுமண்டலம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை, நட்சத்திரத்தின் வட்டோ மிக மிகச் சிறியது. அதனால்தான் அப்படி. நம் கண்ணுக்கு அது ஒரே கணம். ஆனால் நொடிக்கு ஆயிரம் முறை ஒளியை அளக்கும் கருவிக்கு அந்த 'டக்' கூட நிதானமாக நடக்கும் ஒரு நிகழ்வு.

கணக்கு எளிது. நிலவு 27.3 நாளில் வானத்தை ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. அதாவது நட்சத்திரங்களின் பின்னணியில் நொடிக்குச் சுமார் அரை விகலை நகர்கிறது. (ஒரு பாகையில் 3,600 விகலை.) பூமியின் சுழற்சியும் நம்மை அதே திசையில் இழுத்துச் செல்வதால், நாம் காணும் வேகம் பெரும்பாலும் இதைவிடக் குறைவு: நொடிக்கு 0.3 முதல் 0.4 விகலை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நட்சத்திரத்தின் கோண விட்டம் (வானில் அதன் அகலம் காட்டும் கோணம்) 10 மில்லிவிகலை, அதாவது ஒரு விகலையில் நூறில் ஒரு பங்கு என்றால், அதை முழுக்க மூட நிலவின் விளிம்புக்கு 25 முதல் 35 மில்லிநொடி ஆகும். அந்த நேரத்தை அளந்தால் விட்டம் கிடைத்துவிடும், அவ்வளவுதான் என்று தோன்றும்.

1909-ல் மக்மஹோன் என்ற கணிதவியலாளர் இதே யோசனையைத்தான் முன்வைத்தார். அதே ஆண்டிலேயே வானியலாளர் எடிங்டன் அதை மறுத்தார். அவர் எழுப்பிய தடை சரியானது. ஒளி ஓர் அலை. கூர்மையான விளிம்பைத் தாண்டும்போது அது நேர்க்கோட்டில் வெட்டுப்படாது, விளிம்பு விளைவால் வரிவரியாகப் பரவும். நட்சத்திரம் ஒரு கணிதப் புள்ளியாகவே இருந்தாலும் ஒளி ஒரே வீச்சில் அணையாது. அலைவரிகள் விரியும் அளவோடு ஒப்பிட்டால், நட்சத்திர வட்டின் அகலத்தால் வரும் தாமதம் அதற்குள் மூழ்கிப்போகும். எனவே இந்த முறை உதவாது என்று முடிவு கட்டினார்கள்.

எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த இடம் இதற்கு அடுத்ததுதான். தடை என்று சொல்லப்பட்ட அந்த அலைவரிகளே பிறகு அளவுகோலாக மாறின. புள்ளி ஒளிமூலத்தின் அலைவரி எப்படி இருக்கும் என்பதை இயற்பியல் துல்லியமாகச் சொல்லிவிடுகிறது. நட்சத்திரத்துக்கு அகலம் இருந்தால், அதன் வட்டின் ஒவ்வொரு கீற்றும் தன் சொந்த அலைவரியைச் சற்றுத் தள்ளித் தள்ளிப் போடும். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது மேடு பள்ளங்கள் தேயும். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் அகலம் தெரிந்துவிடும். 1936-ல் ஆர்னுல்ஃப் மகம் நட்சத்திரத்தின் மறைப்பைப் படம்பிடித்தார். 1939-ல் விட்ஃபோர்ட், வில்சன் மலையின் 100 அங்குலத் தொலைநோக்கியில் ஒளிமின் கருவியை வைத்து இந்த அலைவரிகளைப் பதிவுசெய்து காட்டினார். எடிங்டனின் தடை விழுந்தது அப்போதுதான்.

சரி, ஒரு பதிவு எப்படி இருக்கும் என்று கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். அகச்சிவப்பில் 2.2 மைக்ரான் அலைநீளத்தில் எடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் காற்றின் மினுக்கலால் நடுங்கும், ஏறக்குறைய சமமான ஒரு கோடு. மறைப்புக்கு ஒரு பத்தில் ஒரு நொடி முன்னால் கோட்டில் சின்னச் சின்ன அலைகள் எழத் தொடங்கும். விளிம்பு நெருங்க நெருங்க அவை பெரிதாகும். ஒரு மேடு வழக்கமான ஒளியைவிட 20 சதவீதம் உயரும், அடுத்து வரும் பள்ளம் 78 சதவீதத்துக்கு இறங்கும், பிறகு கடைசி மேடு 137 சதவீதம் வரை எழும். ஆம், மறையப்போகிற நட்சத்திரம் அணைவதற்குச் சற்று முன் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாகப் பிரகாசிக்கும்! அங்கிருந்து ஒரே சரிவு. விளிம்பு நட்சத்திரத்தின் மேல் சரியாக வந்து நிற்கும் கணத்தில் ஒளி பாதி இருக்காது, கால் பங்குதான் இருக்கும். பிறகு அலையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். இவை புள்ளி ஒளிமூலத்துக்கு, ஒற்றை அலைநீளத்துக்கு உரிய எண்கள்.

இந்த அலைகளின் அடிப்படை அளவு, ஒளியின் அலைநீளத்தையும் நிலவின் தூரத்தையும் பொறுத்தது. 2.2 மைக்ரானுக்கும் 3,84,400 கிலோமீட்டருக்கும் கணக்குப் போட்டால் சுமார் 20 மீட்டர் வரும். இப்போது ஒரு ஒப்பீடு: நிலவின் தூரத்தில் 1 மில்லிவிகலை என்பது 1.86 மீட்டர். நிலவில் நிற்கும் உயரமான ஓர் ஆள் அளவு. ஆக 1 மில்லிவிகலை நட்சத்திரம் 20 மீட்டர் அலையில் இரண்டு மீட்டர்கூட இல்லாத ஒரு மழுங்கலைத்தான் உண்டாக்கும், கண்டுபிடிப்பது கஷ்டம். 10 மில்லிவிகலை நட்சத்திரமோ ஏறக்குறைய 19 மீட்டர் அகலத்துக்கு மழுக்கும். வெளி அலைகள் தேய்ந்துபோய், கடைசி மேடு மட்டும் உயரம் குறைந்து மிஞ்சும். நல்ல பதிவு கிடைத்தால் ஒன்றிரண்டு மில்லிவிகலை வரை நம்பிக்கையோடு அளக்கலாம்.

இதன் வலிமையை உணர இன்னொரு எண்ணைப் பாருங்கள். 1 மீட்டர் தொலைநோக்கி அதே அலைநீளத்தில் பிரித்துக் காட்டக்கூடியது சுமார் 550 மில்லிவிகலை. அதற்குமேல் காற்று வேறு படத்தைக் குழப்பும். அதே 1 மீட்டர் தொலைநோக்கி மறைப்பின்போது ஒரு மில்லிவிகலையை எட்டுகிறது. காரணம், கூர்மையாக வெட்டும் வேலை நம் காற்றுமண்டலத்துக்கு வெளியே, நிலவிலேயே முடிந்துவிடுகிறது. தொலைநோக்கி வெறும் வெளிச்சம் சேர்க்கும் வாளி. காற்றால் பிம்பம் கலங்கினாலும் அந்த அலைவரி அழியாது. மினுக்கல் மட்டும் இரைச்சலாகச் சேரும்.

பதிவிலிருந்து விட்டத்துக்கு வருவது கணினி வேலை. நட்சத்திரத்தின் ஒளி, வானப் பின்னணி, மறைந்த நேரம், விளிம்பு நகரும் வேகம், கோண விட்டம் என்று ஐந்து அறியாத எண்கள். இவற்றை மாற்றி மாற்றிப் பார்த்து, கணித்த வளைவு பதிவோடு நன்றாகப் பொருந்தும் இடத்தைத் தேட வேண்டும். வடிகட்டியின் பட்டை அகலம், தொலைநோக்கிக் கண்ணாடியின் விட்டம், கருவியின் தாமதம் எல்லாமே அலைகளைக் கொஞ்சம் கொஞ்சம் மழுக்கும். அவற்றைக் கணக்கில் சேர்க்க மறந்தால் அந்த மழுங்கல் முழுக்க நட்சத்திரத்தின் தலையில் விழும், விட்டம் பொய்யாகப் பெரிதாகும். வேகத்தை ஏன் தேட வேண்டும், நிலவின் வேகம்தான் தெரியுமே என்று கேட்கலாம். நட்சத்திரம் தொடும் இடத்தில் நிலவின் தரை சாய்வாக இருக்கும். அந்தச் சாய்வு வேகத்தை மாற்றும், வெட்டும் திசையையும் மாற்றும். அதனால் வேகத்தைப் பதிவே சொல்லட்டும் என்று விட்டுவிடுவதுதான் நல்லது. வளைவு சொல்லும் வேகமும் நிலவின் இயக்கத்திலிருந்து கணித்த வேகமும் வெகுவாக விலகினால், அந்தப் பதிவை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

இப்போது கார்பன் நட்சத்திரங்களுக்கு வருவோம். 1860-களில் இத்தாலியப் பாதிரியார் செக்கி நட்சத்திர நிறமாலைகளை வகைபிரித்தபோது, ஆழச் சிவப்பாக, விநோதமான பட்டைகளோடு இருந்த சிலவற்றைத் தனி வகையாக வைத்தார். அவைதான் இவை. வயதான குறைநிறை, இடைநிறை நட்சத்திரங்கள் ராட்சத நிலைக்கு வீங்கியபின், உள்ளே ஹீலியம் எரிந்து உண்டாகும் கார்பன், வெப்பச்சலனத்தால் மேலே கிளறி எடுத்துவரப்படுகிறது. மேற்பரப்பில் கார்பன் அணுக்களின் எண்ணிக்கை ஆக்சிஜனைத் தாண்டிவிட்டால் எல்லாமே மாறிவிடும். கார்பன் மோனாக்சைடு மிக உறுதியான மூலக்கூறு. கைக்குக் கிடைத்த ஆக்சிஜனையெல்லாம் அது பூட்டிவைத்துவிடும். மிச்சமாகும் கார்பன், ஈரணுக் கார்பனாகவும் சயனோஜனாகவும் மற்ற கார்பன் சேர்மங்களாகவும் சேர்ந்து நீல, பச்சை ஒளியை விழுங்கும். இந்த மிச்சம் அதிகம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பல கார்பன் நட்சத்திரங்களில் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம் ஒன்றை மெல்லத்தான் தாண்டியிருக்கிறது.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. சாதாரண நட்சத்திரத்தின் வெப்பநிலையை அதன் நிறத்தை வைத்து ஓரளவு சொல்லிவிடலாம். கார்பன் நட்சத்திரத்தில் நிறத்தை நம்ப முடியாது. அது இவ்வளவு சிவப்பாக இருப்பது குளிர்ச்சியால் மட்டும் அல்ல. மூலக்கூறுகள் நீலத்தை வெட்டியிருக்கின்றன, நட்சத்திரம் தானே உமிழ்ந்த கரித்தூசி இன்னும் சிவப்பாக்கியிருக்கிறது. எது எவ்வளவு என்று பிரிக்க வளிமண்டல மாதிரி வேண்டும். மாதிரி போடவோ முதலில் வெப்பநிலை தெரிய வேண்டும். இந்த வட்டத்திலிருந்து வெளியே வர, நிறத்தைத் தொடாத ஒரு வழி தேவை.

அந்த வழி பயனுறு வெப்பநிலையின் வரையறையிலேயே இருக்கிறது. மேற்பரப்பின் ஒரு சதுர மீட்டர் வெளிவிடும் மொத்த ஆற்றல், வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப இருக்கும். நம்மிடம் வந்து சேரும் மொத்த ஆற்றலை அளந்து, கோண விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் மேற்பரப்பின் பிரகாசம் கிடைக்கும். நான்காம் மூலம் எடுத்தால் வெப்பநிலை. கோண விட்டத்தை மில்லிவிகலையிலும், வந்து சேரும் ஆற்றலை சதுர மீட்டருக்கு 10 பிக்கோவாட் என்ற அலகிலும் எழுதினால், அந்த நான்காம் மூலத்தை 2,341-ஆல் பெருக்கினால் கெல்வினில் விடை வரும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் உதாரணத்துக்கு எடுத்தவை. கோண விட்டம் 8 மில்லிவிகலை. வந்து சேரும் ஆற்றல் சதுர மீட்டருக்கு 1.3 நானோவாட், அதாவது நம் அலகில் 130. எட்டின் வர்க்கம் 64. 130-ஐ 64-ஆல் வகுத்தால் 2.03. அதன் நான்காம் மூலம் 1.194. பெருக்கினால் சுமார் 2,790 கெல்வின். சூரியனின் 5,772 கெல்வினில் பாதிக்கும் குறைவு.

இந்தச் சூத்திரத்தின் நல்ல குணம் என்னவென்றால், பிழைகளை அது சுருக்கிவிடும். கோண விட்டத்தில் 5 சதவீதப் பிழை, வெப்பநிலையில் 2.5 சதவீதமாகத்தான் வரும். ஆற்றலில் 8 சதவீதப் பிழை வெறும் 2 சதவீதம். இரண்டும் சேர்ந்தாலும் மேலே சொன்ன நட்சத்திரத்துக்கு 90 கெல்வின் அளவுதான் ஐயம். மொத்த ஆற்றலை அளப்பதும் இங்கே சமாளிக்கக்கூடியதே. 2,800 கெல்வின் பொருளின் ஒளி உச்சம் 1 மைக்ரானை ஒட்டி இருக்கும். ஆகவே அருகு அகச்சிவப்பு அளவீடுகள் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். தூசி இருந்தால் நீண்ட அலைநீள அளவீடுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், வழியில் விண்வெளித் தூசி விழுங்கியதையும் திருத்த வேண்டும்.

மறைப்பை அகச்சிவப்பில் பதிவதற்கும் இதே காரணம்தான். கார்பன் நட்சத்திரம் அங்கேதான் கொழிக்கிறது. நிலவின் சிதறிய வெளிச்சத்தோடு ஒப்பிட்டால் அங்கே அதன் கை ஓங்கியிருக்கும். அலைநீளம் கூடக் கூட அலைவரிகளும் அகலமாவதால் பதிவு வேகத்திலும் கொஞ்சம் மூச்சுவிடலாம். திரவ நைட்ரஜனால் குளிரூட்டிய இண்டியம் ஆன்டிமோனைடு உணரியை வைத்து ஒன்றிரண்டு மில்லிநொடிக்கு ஒரு அளவீடு என்பதே பல காலம் வழக்கம். 1970-களிலிருந்து அமெரிக்காவின் கிட் பீக்கில் ரிட்ஜ்வேயும் உடன் பணியாற்றியவர்களும் இப்படிக் குளிர் நட்சத்திரங்களின் வெப்பநிலை அளவுகோலையே கட்டியெழுப்பினார்கள். பிறகு ஐரோப்பாவில் ரிச்சிச்சி குழுவும், மவுண்ட் அபுவின் 1.2 மீட்டர் அகச்சிவப்புத் தொலைநோக்கியில் சந்திரசேகர் குழுவும் இதைத் தொடர்ந்தார்கள்.

நிஜ நட்சத்திரம் ஒன்றைப் பார்ப்போம். மீன ராசியில் இருக்கும் டிஎக்ஸ் பிசியம். வானில் மிகப் பிரகாசமான கார்பன் நட்சத்திரங்களில் ஒன்று. மறைப்பில் பல முறை அளக்கப்பட்டிருக்கிறது. கோண விட்டம் 10 மில்லிவிகலையை ஒட்டி வருகிறது, வெப்பநிலை 3,000 கெல்வினை ஒட்டி. தூரம் சுமார் 900 ஒளியாண்டு. கோண விட்டத்தையும் தூரத்தையும் வைத்துக் கணக்கிட்டால் ஆரம் சூரியனைப்போல் ஏறக்குறைய 300 மடங்கு. சூரியனின் இடத்தில் வைத்தால் பூமியை விழுங்கிவிட்டு, செவ்வாயின் பாதைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

ஆனால் டிஎக்ஸ் பிசியத்தின் பல அளவீடுகள் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போவதில்லை. இது அளந்தவர்களின் குற்றம் இல்லை என்பதே என் கருத்து. ஒரு மறைப்பு, வட்டை ஒரே திசையில்தான் வெட்டிப் பார்க்கிறது. நட்சத்திரம் முழு வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் வீங்கியோ, ஒரு பக்கம் தூசி மேகத்தோடோ இருந்தால், வேறு ஊரிலிருந்து வேறு திசையில் வெட்டியவருக்கு வேறு விட்டம் கிடைக்கும். டிஎக்ஸ் பிசியம் சமச்சீராக இல்லை என்பதற்கான தடயங்கள் இப்படித்தான் வந்தன. இந்த நட்சத்திரங்கள் துடிக்கவும் செய்கின்றன. ஆகவே எந்தத் தேதியில் அளந்தது என்பதும் முக்கியம். அப்புறம், இவற்றின் விளிம்பு என்பதே ஒரு கேள்விதான். வளிமண்டலம் பஞ்சுபோல் விரிந்து கிடக்கும். மூலக்கூறுகள் அதிகம் விழுங்கும் அலைநீளத்தில் பார்த்தால் நட்சத்திரம் பெரிதாகவும், விழுங்காத சன்னலில் பார்த்தால் சிறிதாகவும் தெரியும். எந்த அலைநீளத்தில் அளந்தது என்று சொல்லாமல் விட்டம் மட்டும் சொன்னால் அதற்கு அர்த்தம் குறைவு.

இதன் உச்சக்கட்ட உதாரணம் சிம்மத்தில் இருக்கும் ஐஆர்சி+10216. சிடபிள்யூ லியோனிஸ் என்றும் பெயர். சூரியப் பாதையிலேயே உட்கார்ந்திருப்பதால் நிலவுக்கு வசமாக மாட்டும். 1972-ல் வெளியான மறைப்பு ஆய்வு, அங்கே 0.4 விகலை அளவில் ஒரு உட்பகுதியும் அதைச் சுற்றி 2 விகலை அளவில் ஒரு கூடும் இருப்பதைக் காட்டியது. மில்லிவிகலையில் சொன்னால் 400, 2,000! இந்த 400-ஐ மேலே சொன்ன சூத்திரத்தில் போட்டால் ஆயிரம் கெல்வினுக்கும் கீழே ஒரு விடை வரும். அது நட்சத்திரத்தின் வெப்பநிலை அல்ல, அதைப் போர்த்தியிருக்கும் கரித்தூசியின் வெப்பநிலை. கார்பன் நட்சத்திரத்தை அளக்கும்போது நாம் தொட்டது மேனியையா, போர்வையையா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நல்ல வேளையாக, பதிவே பெரும்பாலும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். செங்குத்தான சரிவுக்கு முன்னும் பின்னும் மெதுவான சாய்வு ஒன்று தெரிந்தால் அது தூசிக்கூடு.

முறையின் எல்லைகளையும் சொல்ல வேண்டும். நிலவு ராசி மண்டலத்தை விட்டு விலகுவதில்லை, அதன் பாதை சூரியப் பாதைக்கு 5 பாகைதான் சாய்ந்திருக்கிறது. ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை எல்லாம் மறைப்புக்கு உள்ளாவதும், வானத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு ஒருபோதும் உள்ளாகாததும் இதனால்தான். கிடைக்கும் வாய்ப்பும் ஒரே ஒருமுறை. மேகம் வந்தால் போச்சு. தேய்பிறையில் இருண்ட விளிம்பிலிருந்து நட்சத்திரம் வெளியே வரும் மறுதோற்றம் இன்னும் கடினம். கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரத்தின் மேல் தொலைநோக்கியைச் சரியாக வைத்துக் காத்திருக்க வேண்டும். இன்று பல தொலைநோக்கிகளை இணைக்கும் குறுக்கீட்டுமானிகள் எந்தத் திசையிலும், விரும்பிய இரவிலும் அளக்கின்றன. பிரகாசமான நட்சத்திரங்களுக்கு அவைதான் மேல். அதற்காக மறைப்பைப் பழையதென்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வராது. ஒரே ஒரு நடுத்தரத் தொலைநோக்கியும் வேகமான கருவியும் போதும். வட்டின் மாதிரி எதையும் முன்கூட்டி ஊகிக்காமலேயே, அந்தத் திசையில் ஒளி எப்படிப் பரவியிருக்கிறது என்பதையும் பதிவிலிருந்து மீட்டெடுக்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆரம் வேண்டுமென்றால் தூரம் தெரிய வேண்டும். வெப்பநிலைக்குத் தூரமே வேண்டாம், கணக்கில் அது வருவதில்லை. கார்பன் நட்சத்திரங்களில் இது பெரிய நிம்மதி, ஏனென்றால் இவற்றின் தூரத்தை அளப்பது சங்கடமான வேலை. டிஎக்ஸ் பிசியத்தின் இடமாறு கோணம் (பூமி சூரியனைச் சுற்றுவதால் நட்சத்திரம் அசைவதுபோல் தெரியும் அளவு, தூரம் இதிலிருந்துதான் கிடைக்கிறது) 4 மில்லிவிகலைக்கும் குறைவு, நட்சத்திரத்தின் வட்டோ 10. தன் சொந்த அகலத்தில் பாதிகூட இல்லாத ஓர் அசைவை, கொப்பளித்துக்கொண்டிருக்கும் ஒரு மேற்பரப்பில் தேட வேண்டியிருக்கிறது. நாளைக்கே தூரம் திருத்தப்பட்டால் 300 மடங்கு என்ற ஆரம் மாறும், 3,000 கெல்வின் அப்படியே இருக்கும்.

டிஎக்ஸ் பிசியத்தை நீங்களும் பார்க்கலாம். மீன ராசியின் மேற்குப் பக்கத்தில் வட்டமாக அமைந்த மங்கலான நட்சத்திரங்களில் ஒன்று அது. இருண்ட வானில் வெறுங்கண்ணுக்கே எட்டும், பைனாகுலரில் அதன் செம்மை நன்றாகத் தெரியும். சூரியப் பாதையிலிருந்து நாலரைப் பாகை தள்ளி இருப்பதால், நிலவு தன் சாய்வின் உச்சியை ஒட்டி வரும் காலத்தில் மட்டுமே அதைத் தொடும். 18.6 ஆண்டுச் சுற்றில் அப்படி ஒரே ஒரு பருவம்தான்.